எல்லாருக்கும் பதினொன்று வந்த நாள்

மாணவர்களுக்குப் பாடம் நடத்துவதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. பாடம் நடத்தியே தலை நரைத்தவர்களை பெஞ்சில் உட்கார வைத்து அவர்களுக்குப் பாடம் நடத்திப் பாருங்கள், அப்போது தெரியும் சேதி. கடைசி பெஞ்சுக்கு அடித்துக்கொள்வார்கள். வருகைப் பதிவில் பக்கத்து நாற்காலிக்காரருக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவார்கள். மதியச் சாப்பாட்டில் அப்பளம் வரவில்லை என்று முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார்கள். இதே ஆள் தன் வகுப்பில் ஒரு பையன் கொட்டாவி விட்டால் வெளியே அனுப்புகிறவராக இருப்பார்.

வேதியியல் ஆசிரியர்களுக்கான பயிலரங்கை இனிமேல் நீங்கள் நடத்தப்போகிறீர்கள். "இத்தனை வருஷம் நடத்தினீங்களே மேடம், எங்களுக்கு ஏதாவது எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். கால அட்டவணை போடுவது எப்படி, வெளியூர்ப் பேச்சாளருக்கு ரயில் டிக்கெட் எடுப்பது எப்படி என்பதெல்லாம் ஆபீஸில் கேட்டால் சொல்வார்கள். அதற்கு நான் எதற்கு? நான் சொல்லப்போவது ஒரே ஒரு காலைப்பொழுதைப் பற்றி. அன்றைக்கு நான் செய்தது என்று பார்த்தால், ஒன்றும் செய்யாமல் நின்றதுதான். அப்படி நிற்பதை எந்தப் பயிலரங்கிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

முதலில் நம் தொழிலின் ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரியாததல்ல, வெளியில் சொல்லிக்கொள்ளமாட்டோம், அவ்வளவுதான். டைட்ரேஷனில் பியூரெட் குழாயைத் திறந்து சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாறுகிற இடத்தில் அளவு எடுக்கிறோம். ஒரு தடவை போதாது. இரண்டு தடவையாவது ஒரே அளவு வரவேண்டும். 'கன்கார்டன்ட் வேல்யூ' என்று பிள்ளைகளை விரட்டுகிறோம். பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? முதல் தடவை எடுக்கிறார்கள், இரண்டாவது தடவை எழுதுகிறார்கள். முதல் அளவும் சில சமயம் பக்கத்து மேசையிலிருந்து வருகிறது. இதை எங்கே கற்றுக்கொண்டார்கள் என்று ஆசிரியர் அறையில் தலையில் அடித்துக்கொள்கிறோம். நம்மிடம்தான் கற்றுக்கொண்டார்கள். நாமும் அப்படித்தான் படித்து வந்தோம்.

நான் இதை மேடையில் நின்று சொன்னால் எல்லாரும் "உண்மை, உண்மை" என்று தலையாட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அதனால் ஒரு வேலை செய்வேன். பயிலரங்கின் நடுவில் ஒரு நாள், ஆசிரியர்கள் எல்லாரையும் லேபுக்கு அழைத்துப்போய், ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொடுத்து, "உங்கள் பாட்டிலில் இருக்கும் தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடியுங்கள்" என்பேன். அவ்வளவுதான் சொல்வேன். பெரும்பாலான பாட்டில்களில் எங்கள் கல்லூரி மேல்தொட்டித் தண்ணீர் இருக்கும். சன்னலோரக் கடைசி மேசைப் பாட்டில்களில் மட்டும் என் வீட்டு போர் தண்ணீர் இருக்கும். திருவொற்றியூரில் கடலுக்கு இந்தப் பக்கம் வீடு கட்டினவர்களைக் கேளுங்கள் அந்தத் தண்ணீரைப் பற்றி. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாளியில் வெள்ளை வெள்ளையாகப் படியும். மேல்தொட்டித் தண்ணீருக்குப் பியூரெட்டில் பதினோரு மில்லி வந்தால், என் வீட்டுத் தண்ணீருக்கு இருபத்து நாலு வரும்.

பல வருஷம் இதைச் செய்திருக்கிறேன். கடைசி மேசைக்காரர்கள் இருபத்து நாலு வந்ததைப் பார்ப்பார்கள், அறை முழுக்கப் பதினொன்று என்று காதில் விழும், இவர்களும் பதினொன்று என்று எழுதிவிடுவார்கள். கடைசியில் நான் இரண்டு தண்ணீர்க் கதையைச் சொல்வேன். அந்த மேசையே தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரிக்கும், அறை முழுக்கச் சிரிக்கும். ஒரு மேசையே சேர்ந்து மாட்டிக்கொள்வதில் யாருக்கும் அவமானமில்லை.

நான் சொல்கிற அந்த வருஷம், அந்த மேசையில் சங்கமித்திரை உட்கார்ந்திருந்தாள்.

வியாசர்பாடி குடியிருப்பில் ஒரு பௌத்தக் குடும்பத்துப் பெண். அப்பா துறைமுகத்தில் தினக்கூலியாக மூட்டை தூக்கியவர், முதுகு போனபின் வீட்டோடு இருந்தார். தம்பி படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் மாதச் சம்பளம் என்று ஒன்று வந்தால் அது இவளுடையதுதான். அந்தச் சம்பளமும் நிரந்தரமில்லை. ஒரு தனியார் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். பேரில்தான் கௌரவம். ஒவ்வொரு வருஷமும் வகுப்புகள் முடிந்ததும் வேலையும் முடிந்துவிடும். துறைத்தலைவர் "இவர் தொடரலாம்" என்று எழுதிக் கொடுத்தால்தான் ஜூனில் மறுபடி வேலை. பயிலரங்கு நடந்தது மே மாதத்தில். முதல் நாளே என்னிடம் வந்து கேட்டாள், "மேடம், சர்டிஃபிகேட் கடைசி நாளே குடுத்துடுவீங்களா? ரினியூவலுக்கு முன்னாடி எங்க சார் கையில குடுக்கணும்." சார் வேறெங்கும் இல்லை, அதே பயிலரங்கில்தான் இருந்தார். அவளுக்குப் பக்கத்து நாற்காலியில்.

ஜெபமணி சார். அவளுடைய துறைத்தலைவர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் அப்பா தண்டையார்பேட்டையில் கடை போட்டு, பிறகு மொத்த வியாபாரமாகி, அண்ணன் தம்பியெல்லாம் வியாபாரத்துக்குப் போக, இவர் மட்டும் வேதியியல் படித்துவிட்டு வந்தவர். நல்ல கை. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம்தான் இருந்தது, ஆனாலும் பியூரெட்டைப் பிடித்தால் இளவட்டங்கள் வேடிக்கை பார்ப்பார்கள். கொஞ்சம் கறார். கல்லூரியின் பேர் கெடக்கூடாது என்பதில் உயிராக இருப்பவர். கெட்டவர் இல்லை. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் அவசரப்பட்டுத் திட்டக்கூடாது.

சங்கமித்திரையை மித்ரா என்றுதான் கூப்பிடுவோம். சாதாரணமாக நிதானமாகப் பேசுவாள். வகுப்பில் ஒரு தமிழ், வீட்டில் ஒரு தமிழ் என்று வைத்துக்கொண்டிருந்தாள். வியாசர்பாடிப் பேச்சு வகுப்பில் வந்துவிடக்கூடாது என்று ஒவ்வொரு வார்த்தையையும் பார்த்துப் பார்த்துப் பேசுவது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? நானும் வடசென்னையில், விம்கோ நகர் பக்கத்தில் வளர்ந்தவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு திரிந்தேன்.

அன்றைக்குக் காலை லேபில் நல்ல புழுக்கம். எண்ணூர் ரோட்டு கன்டெய்னர் லாரிப் புழுதி உள்ளே வரும் என்று பாதி சன்னல்களை மூடியிருந்தோம். போதாததற்குப் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பார்வையாளர் வந்து உட்கார்ந்திருந்தார். வருவதாக முந்தின நாள்தான் சொன்னார்கள். முன்பே தெரிந்திருந்தால் அந்த வேடிக்கையையே தள்ளிப்போட்டிருப்பேன். பாட்டிலெல்லாம் நிரப்பியாகிவிட்டது, நடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு மேடையிலிருந்து கடைசி மேசை நன்றாகத் தெரிந்தது. ஜெபமணி சார்தான் முதலில் முடித்தார். பியூரெட்டைப் பார்த்தார். குனிந்து மறுபடி பார்த்தார். முகம் சுருங்கியது. எழுந்து முன் மேசையில் இருந்த தன் நண்பரிடம் போய் ஏதோ கேட்டார், அவர் அளவைக் காட்டினார். திரும்பி வந்து, குடுவையைக் கவிழ்த்துக் கழுவிவிட்டு, உட்கார்ந்து எழுதினார். மறுபடி எடுக்கவில்லை. அவர் பொய் எழுதவேண்டும் என்று எழுதவில்லை. முப்பது பேருக்கு வராதது தனக்கு வந்தால் தப்பு தன் பக்கம்தான் என்று நினைத்தார். நம்மில் யார் நினைக்கமாட்டோம்? எதிரே உட்கார்ந்திருந்த இரண்டு பேர், ஒருவர் மீஞ்சூர்ப் பக்கத்துக் கல்லூரிக்காரர், இன்னொருவர் எண்ணூரிலிருந்து வரும் அம்மா, சார் எழுதியதை எட்டிப் பார்த்துவிட்டு அதையே எழுதினார்கள்.

மித்ரா எடுத்தாள். பார்த்தாள். கழுவினாள். மறுபடி எடுத்தாள். பஃபர் கரைசலை மாற்றினாள், நிறம் காட்டும் இண்டிகேட்டரைப் புதிதாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள், மூன்றாவது தடவையும் எடுத்தாள். எல்லாரும் எழுதி முடித்து முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் குடுவையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் இப்படி ஒருத்தி உட்கார்ந்ததே இல்லை.

அந்தக் குஷி ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஜெபமணி சார் அவள் எழுதியதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, என்ன எழுதி வச்சிருக்க?"

"இருபத்தி நாலு சார். மூணு ரீடிங்கும் அதான் வருது."

"எல்லாருக்கும் பதினொண்ணு வருது. உனக்கு மட்டும் தனியா வருமா? அடிச்சிட்டு எழுதும்மா. யூனிவர்சிட்டி ஆள் உட்கார்ந்திருக்காரு."

அவள் பேனாவைக் கையில் எடுத்ததை நான் பார்த்தேன். அந்தப் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது. அப்புறம் மூடியைப் போட்டுச் சட்டையில் செருகிக்கொண்டாள்.

அளவுகளைப் போர்டில் எழுதும் நேரம் வந்தது. மேசை மேசையாகக் கேட்டேன். பதினொன்று, பதினொன்று, பதினொன்று புள்ளி ஒன்று, பதினொன்று. பார்வையாளர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே வந்தார். கடைசி மேசை. ஜெபமணி சார் பதினொன்று என்றார். எதிரே இரண்டு பேரும் பதினொன்று என்றார்கள். மித்ரா எழுந்து நின்றாள்.

"இருபத்தி நாலு மேடம்."

சிரிப்பு. ஒருவர் முன் வரிசையிலிருந்து, "டீயை டைட்ரேட் பண்ணிட்டாங்க போல" என்றார். பார்வையாளர் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம். "மேடம், அந்த ஒண்ணை விட்டுட்டு ஆவரேஜ் போட்டுடலாமே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, "யார் இவங்க? எந்த காலேஜ்?" என்று பொதுவாகக் கேட்டார்.

ஜெபமணி சார் எழுந்தார். "எங்க காலேஜ்தான் சார். கெஸ்ட் லெக்சரர். புதுசு."

நாலு வருஷமாக அவர் லேபைத் தலையில் சுமந்துகொண்டிருந்தவள் புதுசாம். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவர் அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். தாழ்த்திய குரல்தான் அந்த அறையில் எல்லாருக்கும் கேட்டது.

"நான் சொல்லுதேன்லா? பதினொண்ணுன்னு சொல்லிட்டு உட்காரு. ஜூன் மாசத்த நினைச்சுப் பாத்துக்கோ."

அவர் ஊர்ப் பேச்சு வெளியே வந்துவிட்டது. அதற்கு அவள் பதில் சொன்னபோது அவள் ஊர்ப் பேச்சும் வெளியே வந்துவிட்டது.

"நெனச்சிக்கினுதான் சார் கீறேன். ஜூன் மாசம் வேல போச்சுன்னா வூட்ல அடுப்பு எரியாது, அது எனக்குத் தெரியும். ஆனா மூணு தபா என் கண்ணால பாத்தேன் சார். இருபத்தி நாலுதான். இல்லாத பதினொண்ண நான் எங்க சார் போய் இட்டுக்கினு வர்றது?"

இப்போது சிரிப்பு பெரிதாக எழுந்தது. அளவுக்காக இல்லை, பேச்சுக்காக. சினிமாவில் கேட்டுச் சிரித்துப் பழகின காது. அவள் காதுவரை சிவந்துபோய் நின்றாள். ஆனால் உட்காரவில்லை.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தச் சிரிப்பில் பாதி என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒரு வார்த்தை போதும், அறையே கப்சிப் ஆகிவிடும். "அந்த மேசையில் இருப்பது வேறு தண்ணீர். அவள் சொன்னதுதான் சரி. மற்ற மூன்று பேரும் காப்பியடித்தார்கள்" என்று சொல்ல எனக்கு எவ்வளவு நேரமாகும்? வாய்வரை வந்துவிட்டது.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். நான் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பல்கலைக்கழகத்துக்காரர் முன்னால் ஜெபமணி சாரின் மானம் கப்பலேறியிருக்கும். அறுபதை நெருங்கும் மனுஷன், ஊர் அறிய ஒரு கௌரவ விரிவுரையாளரிடம் தோற்றுப்போனவராகிவிடுவார். நான் கைதட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஜூனில் அவள் அவரிடம்தான் போய் நிற்கவேண்டும். அவள் சொன்னது சரி என்று நிரூபித்த கையோடு அவள் வேலைக்கு நான் வேட்டு வைத்திருப்பேன். சொல்லாமலே விட்டிருந்தால்? அந்த ஒன்றை விட்டுவிட்டு ஆவரேஜ் போட்டிருந்தால்? அவள் வாழ்நாள் முழுக்கத் தன் கண்ணை நம்பமாட்டாள். பயிலரங்கு நடத்தி அதைத்தான் சாதித்தோம் என்று ஆகியிருக்கும்.

இரண்டும் வேண்டாம் என்று மட்டும் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது என்ன என்று அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. கையில் சாக்பீஸ் இருந்தது, அதனால் எழுதினேன். மற்ற எண்களை எழுதிய அதே அளவில், அதே வரிசையில், இருபத்து நாலு என்று எழுதினேன். சின்னதாகவும் எழுதவில்லை, கேள்விக்குறியும் போடவில்லை. பிறகு திரும்பி, குரலில் ஒன்றுமே இல்லாதபடி சொன்னேன்.

"டீ வர இன்னும் நேரமாகும். யாருக்காவது இன்னொரு ரீடிங் எடுக்கணும்னு தோணிச்சுன்னா எடுக்கலாம். பாட்டில்ல தண்ணி மிச்சமிருக்கும். டீ வர்ற வரைக்கும் போர்டுல இருக்கற எந்த நம்பரையும் மாத்திக்கலாம். ஏன், எதுக்குன்னு நான் கேக்கமாட்டேன்."

அப்புறம் நின்றேன். கைகட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், குறிப்பாகக் கடைசி மேசையைப் பார்க்காமல் நின்றேன்.

ஒருவரும் அசையவில்லை. எதற்கு அசைவார்கள்? எல்லாருக்கும் ஒத்த அளவு வந்துவிட்டது. பார்வையாளர் கைப்பேசியை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ரோட்டில் ஒரு லாரி ஹாரனை விடாமல் அடித்தது. மித்ரா நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அப்படியே டீ வந்துவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வருமுன் நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம் பாருங்கள், மௌனத்தைத் தாங்கமுடியாமல்தான் அப்படிச் செய்கிறோம். அன்றைக்கு நான் தாங்கினேன். என் பணிக்காலத்தில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

முக்காலி தரையில் தேயும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஜெபமணி சார் எழுந்து நின்றார்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். தன் பாட்டிலை எடுத்தார், பிப்பெட்டில் உறிஞ்சிக் குடுவையில் விட்டார், பஃபர் ஊற்றி இண்டிகேட்டர் போட்டார். தண்ணீர் ஒயின் சிவப்பானது. பியூரெட்டைக் கண் மட்டத்துக்கு வைத்துப் பார்த்துவிட்டுத் திறந்தார். முன் மேசைக்காரர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். பார்வையாளரும் கைப்பேசியை வைத்துவிட்டு வந்தார். இடது கை குழாயில், வலது கை குடுவையில். ஒரு நடுக்கமில்லை. அவர் மனசுக்குள் என்ன ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் அந்தக் கையைச் சொல்கிறேன்.

பதினொன்றில் நிறுத்தினார். குடுவையைத் தூக்கிச் சன்னல் வெளிச்சத்தில் காட்டினார். சிவப்பு அப்படியே இருந்தது. மறுபடி திறந்தார். பதினைந்து, இருபது. இருபத்து மூன்று தாண்டியதும் சொட்டுச் சொட்டாக விட்டார். சிவப்பு ஊதாவாகி, ஊதா சட்டென்று நீலமானது. குழாயை மூடினார்.

"இருபத்தி நாலு" என்றார்.

அதோடு உட்கார்ந்திருக்கலாம். நான்தான் ஏன் எதற்கு என்று கேட்கமாட்டேன் என்று சொல்லியிருந்தேனே. அவர் உட்காரவில்லை. பார்வையாளரைப் பார்த்துச் சொன்னார், "சார், காலையில முத ரீடிங்கும் எனக்கு இதான் வந்தது. நான் எழுதல. முன்னாடி மேசையில கேட்டுட்டு பதினொண்ணுன்னு போட்டேன். இந்தப் பிள்ளைக்கு வந்தது சரியான அளவு. அது புதுசும் இல்ல, நாலு வருஷமா எங்க லேபைப் பாத்துக்கிட்டிருக்கு. நான் சொன்னது தப்பு."

அப்புறம் எண்ணூர் அம்மா மெதுவாகக் கையைத் தூக்கினார். "மேடம், எனக்கும் இருபத்தி நாலுதான் வந்துச்சு." மீஞ்சூர்க்காரர், "எனக்கு வரவே இல்ல மேடம், நான் எடுக்கவே இல்ல, சாரைப் பாத்து எழுதிட்டேன்" என்று போட்டு உடைத்தார். சிரிப்பு வெடித்தது. இந்தச் சிரிப்பு வேறு சிரிப்பு. முன் மேசைகளிலிருந்தும் ஒவ்வொன்றாக வந்தது. "நான் ரெண்டாவது எடுக்கல", "நானும்தான்". டீக்காரர் கேனோடு வந்து வாசலில் நிற்கிறார், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் மறுபடி எடுக்கப் பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம்தான் இரண்டு தண்ணீர்க் கதையைச் சொன்னேன். சொல்லவேண்டிய அவசியமே இல்லாமல் போயிருந்தது. அந்த லேபில் அன்று இருந்த ஒவ்வொருவரையும் நினைத்தால் எனக்குப் பெருமைதான். தப்பு செய்யாத ஆசிரியர்கள் எங்கேயும் இல்லை. செய்ததை அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்று சொன்னவர்களோடு வேலை பார்த்தேன் என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்வேன்.

ஆனால் என் பயம் தீரவில்லை. மனுஷர்கள் ஒரு கணம் உயர்ந்து நிற்பார்கள், வீட்டுக்குப் போய்ப் படுத்து யோசித்தால் அதற்கே கோபம் வரும். ஜூன் மாத உத்தரவு இன்னும் அவர் கையில்தான் இருந்தது. கடைசி நாள் மதியம் அவர் என் அறைக்கு வந்து உட்கார்ந்தார்.

"மேடம், ரெண்டு தண்ணின்னு நீங்க அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீங்க எந்திரிச்சு வந்திருப்பீங்களா சார்?"

"வந்திருக்கமாட்டேன். அந்தப் பிள்ளை மேலதான் கோவம் வந்திருக்கும்." பிறகு கேட்டார், "அதோட ரினியூவலுக்கு எழுதணும். வருஷா வருஷம் திருப்திகரம்னு ஒரு வார்த்தை போட்டு அனுப்பிருவேன். இந்தத் தடவை அது பத்தாது. என்ன எழுதலாம் மேடம்?"

"பக்கத்து மேசையைக் கேட்டு எழுதற பழக்கம் இன்னும் போகலையா சார் உங்களுக்கு?"

மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். வெளியே போகும்வரை சிரித்துக்கொண்டே போனார். என்ன எழுதப்போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மாலை நிறைவு விழா. பயிற்சிக்கு வந்தவர்கள் சார்பில் ஒருவர் பேசவேண்டும், மூத்தவர்தான் பேசுவது வழக்கம். ஜெபமணி சாரைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து, "எனக்குப் பதிலா சங்கமித்திரை மேடம் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் திடுக்கிட்டுப்போய் மைக் முன்னால் வந்து நின்றாள். இரண்டு வாக்கியம் வகுப்புத் தமிழில் பேசிப் பார்த்தாள், வரவில்லை. அப்புறம் தன் பேச்சிலேயே பேசினாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு லேப் எப்படி நடத்தவேண்டும், ஒரு பையனுக்குத் தப்பான அளவு வந்தால் அவனைத் திட்டுமுன் அவன் குடுவையை வாங்கிப் பார்க்கவேண்டும் என்று பேசினாள். அறையில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிலர் குறிப்பெடுத்தார்கள்.

ஆகவே பிள்ளைகளே, நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்றுதான். உங்கள் முன்னால் ஒருவர் தனியாக நிற்கும்போது அவருக்காகப் பேசிவிட வாய் துடிக்கும். பல சமயம் பேசத்தான் வேண்டும். ஆனால் பேசுமுன் பாருங்கள், நாம் பேசிவிட்டுப் போனபின் அவர் யாரோடு வாழவேண்டியிருக்கிறது என்று. அவர் சொன்ன எண்ணை மற்ற எண்களின் அளவிலேயே எழுதி வைத்துவிட்டு, மற்றவர்கள் எழுந்து வர ஒரு வழியைத் திறந்துவிட்டு, நில்லுங்கள். எல்லாரும் எழுந்து வருவார்கள் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். எனக்கு அன்று ஒருவர் எழுந்து வந்தார்.

ஜூன் மாதம் கல்லூரிகள் திறந்த அன்று நான் திருவொற்றியூர் மார்க்கெட்டில் கீரை பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. மித்ரா. வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"மேடம், வேல கீது மேடம்" என்றாள். அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

நான் கீரைக் கட்டைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. கீரைக்கார அம்மா பயந்துபோய் எழுந்துவிட்டார்.

"இன்னாம்மா, இன்னாச்சு? ஏன் அழுவுற?"

"ஒன்னியும் இல்ல. பெருமையா கீது" என்றேன்.